ஒன்பதுக்கு ஒன்பது

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கதைகளை அந்த அறையின் வாசலிலேயே விட்டுவிட்டு வருவதுதான் என் வழக்கம். போன வருடம் கேட்ட ஒன்று மட்டும் கூடவே வந்துவிட்டது. குழு ஒற்றுமை பற்றிய வகுப்பு. பயிற்சியாளர் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி. ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றவர்கள். தெற்கே நடக்கும் பெரிய போட்டி ஒன்றில் ஆடும் வாய்ப்பு கூடி வந்தது. கறுப்பின வீரர்கள் இருவரையும் ஊரில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று நிபந்தனை. அணி ஒரே குரலில் மறுத்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், படம் மாறியது, அடுத்து ஏதோ வட்டங்களும் அம்புக்குறிகளும் வந்தன.

கதை பொய்யில்லை. அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் சொன்ன விதம் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுத்தவர்களை மெச்சினோம். நிபந்தனை போட்டது யார் என்று பயிற்சியாளர் சொல்லவில்லை, கேட்டவரும் இல்லை. யாருக்காக மறுத்தார்களோ அந்த இருவரின் பெயர்கூடத் திரையில் இல்லை. ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்பவை அந்தப் பெயர்கள்.

குன்றின்மேல் ஒரு சின்னக் கல்லூரி

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஏசு சபையினர் நடத்துவது. சென்னை லயோலாவையும் திருச்சி ஜோசப் கல்லூரியையும் நடத்துகிற அதே சபைதான். அந்த வருடம் இவர்கள் மோதிய சாண்டா கிளாரா, ஃபோர்டம், லாஸ் ஏஞ்சலஸின் லயோலா எல்லாமே அச்சபையின் கல்லூரிகள். பாதிரியார்களுக்குள் ஒரு பங்காளிப் போட்டி போலத்தான் ஆட்டப் பட்டியல் இருந்தது. பக்கத்திலேயே இருந்த பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இல்லை. சான் ஹோசே கல்லூரியோடு இரண்டு முறை ஆடினார்கள். கேம்ப் பெண்டில்டன் ராணுவ முகாமின் அணியோடும், சான் டியாகோ கடற்படைப் பயிற்சி நிலைய அணியோடும்கூட ஆடினார்கள். இதை இங்கேயே குறித்து வைக்கிறேன்; பிறகு ஒரு சாக்காக இது பயன்படப்போகிறது.

பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கறாரானவர். அணியின் விளம்பர வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த 25 வயது பீட் ரோசல். பிற்காலத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் தலைமை ஆணையராகி 1960 முதல் 1989 வரை அந்த விளையாட்டையே ஆட்டிவைத்தவர். ஜீனோ மார்க்கெட்டி இத்தாலியக் குடும்பத்துப் பையன். பள்ளிக்கூட வயதிலேயே போருக்குப் போய் ஐரோப்பாவில் பல்ஜ் சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். பாப் செயின்ட் கிளேர் பக்கத்தில் நிற்கும் யாரையும் குள்ளமாகக் காட்டுகிறவன், ஆறடி ஒன்பது அங்குலம், பச்சை இறைச்சி தின்பதில் பெயர் பெற்றவன். மேட்சன், மார்க்கெட்டி, செயின்ட் கிளேர் மூவருமே பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். ஒரே வருடத்தில் ஒரே கல்லூரிக்கு ஆடிய மூவர்.

மேட்சன் டெக்சாஸின் டிரினிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். டோலர் டென்னசியின் மெம்ஃபிஸ்காரர். இருவரும் முதலில் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ஒன்றாக ஆடினார்கள். 1948இல் அந்த அணியும் தோற்கவில்லை. மேட்சன் பந்தோடு ஓடுகிறவர். டோலர் ஓடி வருகிறவனைச் சாய்க்கிறவர். வேகமும் எடையும் சேர்ந்து வரும் மேட்சனை நேருக்கு நேர் நின்று தடுத்ததுதான் டோலரின் அறிமுகம் என்பார்கள். அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் டோலர்தான் என்று கூட ஆடியவர்கள் பிற்காலத்தில் சொன்னதும் உண்டு. மூன்று பேர் புகழ் மண்டபத்துக்குப் போன அணியைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த ஆண்டு மேட்சன் பந்தைக் கையில் ஏந்தி ஓடிக் கடந்த தூரம் 1,566 கெஜம், நாட்டிலேயே முதலிடம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் 21. எனக்கு இந்த எண்களைவிட ஃபோர்டமுடன் நடந்த ஆட்டம்தான் பிடித்திருக்கிறது. அக்டோபரில் கண்டத்தின் மறுகோடிக்கு, நியூயார்க்குக்குப் போய் ஆடியது. மேற்குக்கரைச் சின்னக் கல்லூரி ஒன்றைக் கிழக்குப் பத்திரிகைக்காரர்கள் கண்ணால் பார்க்க அமைந்த ஒரே வாய்ப்பு. எதிரணி பந்தை வானத்தில் உதைத்து அனுப்ப, மேட்சன் தன் எல்லைக்கோட்டுக்குச் சில கெஜம் முன்னால் நின்று அதைப் பிடிக்கிறார். எதிரே பதினொரு பேர் முழுவேகத்தில் இறங்கி வருகிறார்கள். தம் ஆட்கள் பக்கவாட்டில் தள்ளித் திறந்துவிடும் இடுக்கு ஒரு கணம்தான் இருக்கும். அதற்குள் நுழைந்து வெளிவந்துவிட்டால் அப்புறம் இவர் ஓட்டப்பந்தயக்காரர், துரத்துகிறவர்கள் வெறும் கால்பந்துக்காரர்கள். 94 கெஜம் ஓடினார். அன்றே இன்னொரு முறை 90 கெஜம். 32–26 என்று ஆட்டம் முடிந்தது. அந்த வருடம் இவர்களை உண்மையில் நெருக்கிப் பிடித்த ஆட்டம் இது ஒன்றுதான். இதே மேட்சன் மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கி வந்தார் என்றால், துரத்தியவர்களின் பாடு புரியும்.

அதே அக்டோபரில் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட் என்ற கறுப்பின வீரரின் தாடையை எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் உடைத்தார். பந்து பிரைட்டின் கையில் இல்லை. அவர் ஆட்டத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். டெ மாய்ன் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படம் எடுத்திருந்தார்கள். மறுவருடம் அந்தப் படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உடைத்தவரின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2005இல். படம் இருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ அணிக்கு நடந்ததற்கோ படமும் இல்லை, தாளும் இல்லை.

சாக்கு

நவம்பரில் பசிபிக் கல்லூரியை 47–14 என்று நொறுக்கினார்கள். கடைசி ஆட்டம் லயோலாவோடு, 20–2. அது நடந்தது பாசடீனாவின் புகழ்பெற்ற ரோஸ் பௌல் மைதானத்தில். ஆக அந்த அணி ‘ரோஸ் பௌலில்’ ஆடியது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜனவரி முதல் தேதி நடக்கும் ஆட்டத்தில் அல்ல, அவ்வளவுதான். சீசன் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் இத்தகைய ஆட்டங்களுக்குத்தான் பௌல் என்று பெயர். அந்த ஆட்டம் இரண்டு பெரிய கூட்டமைப்புகளின் அணிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. மிச்சம் இருந்தவை தெற்கே: மயாமியின் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பௌல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பௌல். இவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊரின் பெரிய மனிதர்கள். புத்தாண்டை ஒட்டி ஊருக்குக் கூட்டம் வரவேண்டும், விடுதிகள் நிறையவேண்டும். யாரை அழைப்பது என்பது அவர்கள் இஷ்டம். அழைக்கப்பட்ட கல்லூரிக்கு வருவது பெரும் பணம். நஷ்டத்தில் ஓடும் ஒரு சின்னக் கல்லூரி அணிக்கு அது உயிர்.

அழைப்பு வரவில்லை. வெளியே சொல்லப்பட்ட காரணம், இவர்கள் ஆடிய எதிரணிகள் பலவீனமானவை என்பது. முன்பே குறித்து வைத்தேனே, அந்தச் சாக்கு. இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்பதுதான் இதன் சாமர்த்தியம். பத்திரிகையாளர்களின் கடைசித் தரவரிசையில் சான் பிரான்சிஸ்கோ 14ஆம் இடத்தில்தான் இருந்தது. கேம்ப் பெண்டில்டனை வென்றதை யாரும் காவியமாகப் பாடமுடியாது. ஆனால் அந்த வருடம் கேட்டர் பௌல் யாரை அழைத்தது என்று பாருங்கள். அதுவரை மூன்று ஆட்டங்களில் தோற்றிருந்த மயாமி, இரண்டில் தோற்றிருந்த கிளெம்சன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவனிடம் பெயரும் சொந்த ஊரும் விசாரித்துவிட்டு, ‘அடடா, இப்போதுதான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்’ என்று சொல்லும் வீட்டுக்காரரை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் பொய் சொன்னார் என்று நிரூபிக்கமுடியாது. மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வந்திருக்காது.

உண்மையான காரணம் குஹாரிச் வழியாக அணிக்கு வந்து சேர்ந்தது. மேட்சனும் டோலரும் இல்லாமல் என்றால் போகலாம். பயிற்சி வகுப்பில் கேட்ட கதையின் உச்சக்கட்டம் இதுதான். யாரோ எழுந்து நிற்பது போலவும், கைகள் ஒவ்வொன்றாக உயர்வது போலவும் நமக்குள் ஒரு காட்சி தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஆடியவர்கள் வயதான பிறகு நினைவுகூர்ந்ததில் அப்படி எதுவும் கிடையாது. வாக்கெடுப்பு நடக்கவில்லை, விவாதமும் நடக்கவில்லை. அவர்கள் இல்லாமல் போகமாட்டோம், அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. மார்க்கெட்டி உட்பட ஒவ்வொருவரும் இதைச் சொல்லும்போது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட தொனி இல்லாததைக் கவனித்தேன். சேர்ந்து ஆடியவனை விட்டுவிட்டுப் போவது என்பதே அவர்களுக்கு யோசிக்கவேண்டிய விஷயமாகப் படவில்லை.

இந்த இடத்தில்தான் நான் அதிக நாள் நின்றேன். மறுத்தவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. அதில் முடிச்சு எதுவும் இல்லை. புரியாதது, அந்த நேரத்தில் மேட்சனும் டோலரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அவர்களும் அணியில்தானே இருக்கிறார்கள். தங்கள் தோலின் நிறத்தால் முப்பது நாற்பது தோழர்களின் வாய்ப்பு பறிபோகிறது என்ற செய்தியை அந்தத் தோழர்களுடன் சேர்ந்தே அறிந்துகொள்கிறார்கள். ‘நீங்கள் போய் ஆடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லவேண்டுமா? சொன்னால் அந்த ஊர்க்காரர்களின் நிபந்தனைக்குத் தாங்களே கையெழுத்துப் போட்டதாகும். சொல்லாமல் இருந்தால் பிறர் தங்களுக்காக இழப்பதை வாங்கிக்கொண்டதாகும். மற்றவர்களுக்கு மறுக்கிற பெருமையாவது கிடைத்தது. இந்த இருவருக்கும் வைத்துக்கொள்ள நல்ல பக்கம் என்று ஒன்றுமே இல்லை. எந்தத் தவறும் செய்யாத இரண்டு இளைஞர்களை மற்ற எல்லாருக்கும் கடன்பட்டவர்களைப் போல நிற்கவைத்தது அந்த நிபந்தனை. இந்தக் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். கதையைச் சொல்கிறவர்களும் அந்தக் கடனை வசூலித்துக்கொண்டே இருக்கிறார்கள்: எத்தனை உயர்ந்த நண்பர்கள் பாருங்கள் என்று.

‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. காலம் முழுக்க அப்படி இல்லை. 1948லேயே டெக்சாஸின் டல்லாஸில் நடந்த காட்டன் பௌலில் பென் ஸ்டேட் அணியின் வாலஸ் டிரிப்ளெட், டென்னி ஹாகர்ட் என்ற இரு கறுப்பின வீரர்கள் தெற்கத்திய அணிக்கு எதிராக ஆடினார்கள்; 13–13 என்று சமனில் முடிந்தது, டல்லாஸ் இடிந்து விழவில்லை. இன்னும் பக்கத்தில் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவிடம் 47–14 என்று உதை வாங்கிய பசிபிக் கல்லூரியிலும் எடி மேக்கன் என்ற கறுப்பின ஓட்டக்காரர் இருந்தார். அந்த அணிக்கு அதே சீசனில் டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து சன் பௌலுக்கு அழைப்பு வந்தது. ஆகவே மயாமியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் ஜாக்சன்வில்லிலும் இருந்தவர்கள் காலத்தின் கைதிகள் அல்ல. வேறு விதமாகவும் முடிவெடுக்கலாம் என்று தெரிந்தே எடுத்தார்கள்.

பிறகு

அந்த ஆண்டோடு பல்கலைக்கழகம் பெரிய அளவிலான கால்பந்தையே மூடிவிட்டது. கட்டுப்படியாகவில்லை. பௌல் பணம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று ஆடியவர்கள் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் சந்தேகம்தான். தொலைக்காட்சி வந்துகொண்டிருந்த காலம், பல சின்னக் கல்லூரிகள் இதே பாதையில்தான் போயின. படிப்பு முடிந்தவர்களுக்கு அடுத்த வேலை காத்திருந்தது. இன்னும் ஓர் ஆண்டு மீதமிருந்த செயின்ட் கிளேர் அணியில்லாமல் நின்றார். ஓக்லஹோமாவின் டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடி முடித்தார். பள்ளி நாளிலும் சரி, கல்லூரி நாளிலும் சரி, பிறகு ஊரின் தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸுக்காகவும் சரி, கோல்டன் கேட் பூங்கா ஓரத்தின் கீசார் மைதானம்தான் அவருடைய சொந்த மைதானம். அந்த ஒரு வருடம் மட்டும் இடையில் விழுந்த ஓட்டை.

டோலருக்கு விழுந்தது அதைவிடப் பெரியது. 1952 கோடையில் சிகாகோவில் கல்லூரி நட்சத்திரங்களுக்கும் தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கும் நடந்த ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடவில்லை. மேட்சனோ நெடுநாள் ஆடினார். 1959இல் அவர் ஒருவருக்காக ராம்ஸ் அணி ஒன்பது பேரைக் கொடுத்தது. அந்தப் பேரத்தை முடித்த ராம்ஸ் மேலாளர் யாருமில்லை, பழைய விளம்பரக்காரர் ரோசல்தான். அந்தச் சின்னக் கல்லூரி என்ன ஆயிற்று என்றால், கூடைப்பந்துக்குத் திரும்பி, பில் ரசல், கே. சி. ஜோன்ஸ் என்ற கறுப்பின வீரர்களை முன்னால் நிறுத்தி 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் தேசியச் சாம்பியன் ஆனது.

1951இல் தெற்கத்திய கமிட்டிகள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை என்பது. எழுதாததை எதிர்த்து யாரிடம் போய் நிற்பது? நான்கு வருடம் கழித்து ஜார்ஜியாவின் ஆளுநர் மார்வின் கிரிஃபின் அந்தப் புத்திசாலித்தனத்தை மறந்துவிட்டார். சுகர் பௌலில் ஜார்ஜியா டெக் மோதவிருந்த பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருக்கிறார், எனவே நம் பையன்கள் ஆடக்கூடாது என்று வெளிப்படையாகக் கேட்டார். ஜார்ஜியா டெக் மாணவர்கள், எல்லாரும் வெள்ளையர்கள், ஆளுநரின் கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சமத்துவ வேட்கை பொங்கியது என்று நான் நம்பவில்லை. பௌல் ஆட்டம் போய்விடும் என்ற ஆத்திரம்தான். எப்படியோ, 1956 ஜனவரி 2 அன்று கிரியர் ஆடினார். ஜார்ஜியா டெக் 7–0 என்று ஜெயித்தது. அந்த ஒரே டச்டவுனுக்கு வழிவிட்டது கிரியர் மேல் சொல்லப்பட்ட ஓர் ஆட்ட விதிமீறல், அதுவும் இன்றுவரை சர்ச்சை.

அந்த ஆட்டம் முடிந்த கொஞ்ச மாதங்களில் லூசியானா மாநிலம் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்று சட்டமே போட்டது. வெட்கம் விட்டுப்போன பிற்போக்கு. ஆனால் இப்போது அது தாளில் இருந்தது. ஜோசஃப் டோர்சி என்ற கறுப்பினக் குத்துச்சண்டைக்காரர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேட்சனும் டோலரும் 1951 டிசம்பரில் வழக்குப் போட நினைத்திருந்தால், ‘எதிரணிகள் பலவீனம்’ என்ற ஒரு விளையாட்டுக் கருத்தை எதிர்த்து எந்த நீதிபதி முன்னால் நின்றிருப்பார்கள்?

மறுத்த அணிக்குப் பிற்காலத்தில் மரியாதைகள் வந்தன. பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, கீசார் மைதானத்தின் ஆடுகளத்துக்கு செயின்ட் கிளேரின் பெயர் வைக்கப்பட்டது. எல்லாம் தகும். டோலர் இவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூட வேலைக்குப் போனார், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் தலைமையாசிரியர் ஆனார். 1965இல் என்எஃப்எல் அவரை ஆட்ட அதிகாரியாக எடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர், ஆணையர் நாற்காலியில் இருந்தவர் ரோசல். வார நாட்களில் பள்ளிக்கூடம், வாரக் கடைசியில் விமானம் ஏறி எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர். அட்லாண்டாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் மயாமிக்கும் என்எஃப்எல் அணிகள் வந்தது அந்த ஆண்டுக்குப் பிறகுதான். அங்கெல்லாம் கோடு தாண்டியது யார், தாண்டாதது யார் என்று கொடியை வீசிச் சொல்லும் அதிகாரிகளின் வரிசையில் இனி டோலரும் உண்டு.